விக்கலுக்கு வந்த பதில்

பல் டாக்டரம்மாவை ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் போர்வைக்குள்ளிருந்து கிளப்பி ஏரிக்கரைக்கு இழுத்து வந்தவள் அவளுடைய நாத்தனார். இலையுதிர்காலம், வடக்கிலிருந்து பறவைகள் கூட்டங்கூட்டமாகத் தெற்கே போகிற நேரம். பார்க்க வந்தவர்கள் எட்டுப் பேர். கூட்டிப் போனவர் ஒரு தபால்காரர். வாரமெல்லாம் கடிதத்தோடு அலைகிறவர், ஞாயிறு வந்தால் பறவை பின்னால் அலைவார்.

"பேசக்கூடாது, தும்மக்கூடாது, செல்போன் மூச்சு விடக்கூடாது" என்று அடுக்கினார்.

விக்கலைப் பற்றி அவர் சொல்லவில்லை. அவசரத்தில் டாக்டரம்மா விழுங்கிவிட்டு வந்த ரொட்டி, நாணல் புதரை நெருங்கியதும் வேலையைக் காட்டியது.

"ஹிக்!"

தலைக்கு மேலே போன வாத்துக்கூட்டம் சட்டென்று திசை மாறியது.

"அண்ணி, வாயை மூடுங்க!"

ஊராரை எல்லாம் வாயைத் திறக்கச் சொல்கிறவளுக்குத் தன் வாயை மூட முடியவில்லை. நாத்தனார் சிரிப்பை அடக்கத் தொப்பியைக் கடித்துக்கொண்டாள்.

"ஹிக்!"

தபால்காரர் திரும்பினார். டாக்டரம்மா கூனிக் குறுகிப் போனாள். அந்த நேரம் பார்த்து நாணலுக்குள்ளிருந்து ஒரு குரல்: "ஹ்விக்!"

தபால்காரர் அவளிடம் ஓடி வந்தார். "புள்ளி நீர்க்கோழிங்க! ஆறு வருஷமா தவம் கிடக்கேன். போற வழியில ரெண்டு நாள் தங்கும், ஒருத்தர் கண்ணுலயும் படாது. அம்மா, கையெடுத்துக் கும்பிடறேன், இன்னொரு தடவை விக்குங்க!"

கேட்ட மாத்திரத்தில் விக்கல் நின்றுவிட்டது.

அப்புறம் நடந்த கூத்தை என்னவென்று சொல்ல! ஒருவர் முதுகில் தட்டினார். கூட்டத்தில் இருந்த ஒரு புதுமணத் தம்பதி கையிலிருந்த பிஸ்கட்டை எல்லாம் அவள் வாயில் திணித்தார்கள்.

"யாராச்சும் நெனச்சாத்தானே விக்கும்? எல்லாரும் எங்க அண்ணியை நெனைங்க!" என்றாள் நாத்தனார்.

தபால்காரர் உட்பட அத்தனை பேரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அன்றுதான் முதன்முதலாகப் பார்த்த டாக்டரம்மாவை மும்முரமாக நினைக்கத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் அது வெளியே வந்தது. ஒரு சாண் உயரம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. சேற்றில் நடந்து வந்து, கண்மூடி நின்ற கூட்டத்தை அண்ணாந்து பார்த்தது.

கத்தலாமென்றால் வாய் நிறைய பிஸ்கட். டாக்டரம்மா தபால்காரரின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அவர் கண் திறந்தார். கழுத்தில் தொங்கிய கேமராவைத் தொடக்கூடத் தோன்றவில்லை அவருக்கு.

"வந்துட்டியா?" என்றார், மெதுவாக.

நீர்க்கோழி நிதானமாகத் திரும்பி நாணலுக்குள் போனதுதான் தாமதம், மனிதர் ஆடத் தொடங்கிவிட்டார். ஒரு பூட்ஸ் சேற்றில் புதைந்து நின்றது. வெறும் சாக்ஸோடு ஆட்டம் தொடர்ந்தது. டாக்டரம்மா ஈரப்புல்லில் பொத்தென்று உட்கார்ந்து, பிஸ்கட் தூள் பறக்கப் பறக்கச் சிரித்தாள்.