குறை காணப்படவில்லை

எங்கள் சமையலறைக்குப் பின்வாசல் கிடையாது. ஜன்னல் உண்டு, அதில் கம்பியும் உண்டு. வீடு பார்க்க வந்த அன்றைக்கு, "திருடன் உள்ள வர முடியாது" என்று நான்தான் பெருமை பேசினேன். உள்ளே இருக்கிற திருடன் வெளியே போகவும் முடியாது என்பது இன்றைக்குத்தான் உறைத்தது.

முன்னறையில் பல் டாக்டரம்மா உட்கார்ந்திருக்கிறார். மூன்று வாரத்துக்கு முன்னால், பொழுது சாய்கிற நேரத்தில், ஒரு வளைவில் அவர் காரின் வெளிச்சம் கண்ணில் அடித்து, ஸ்கூட்டரில் வந்த என் மனைவி சாலைத் தடுப்பில் மோதினாள். வலது மணிக்கட்டு முறிந்தது. ஓடிவிடாமல் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தவரும் இதே அம்மாதான். நான் போய்ச் சேர்வதற்குள் கிளம்பிவிட்டிருந்தார். மேஜைமேல் அவருடைய விசிட்டிங் கார்டு கிடந்தது. பெயரைப் படித்ததும் எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான்.

ஏனென்றால் அந்தக் காரை எனக்குத் தெரியும். நான் கார் சர்வீஸ் சென்டரில் வண்டியை வாங்கிக் குறை எழுதுகிறவன். இந்த அம்மா மூன்று முறை வந்தார்.

"எதிர்ல கார் வந்தா ஹை பீம் லைட்டு தானா கீழ இறங்குது. ஸ்கூட்டர் வந்தா இறங்கவே மாட்டேங்குது. அந்த ஆட்டோ லைட்ட அணைச்சு வெச்சாலும் அடுத்த நாள் தானா வந்துடுது."

எங்கள் மேனேஜருக்கு ஒரு சட்டம்: வந்தவர் டீ குடித்து முடிப்பதற்குள் புகார் முடிய வேண்டும். அதனால் இருட்டில் ஓடும்போது மட்டும் வேலை செய்கிற விளக்கை, காலை பதினோரு மணிக்கு, நிறுத்திவைத்த காரில், ட்யூப்லைட்டுக்கு அடியில் சோதிப்போம். தூங்குகிறவனிடம் என்ன குற்றம் கண்டுபிடிக்க முடியும்? மூன்று முறையும் "குறை காணப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கடைசி முறை, "கண்ணு கூசுறது எதிர்ல வர்றவங்களுக்குத்தானே மேடம்?" என்று சிரிக்கவும் செய்தேன். நாக்கில் சனி.

இன்றைக்கு அந்தக் கார் வாசலில் வந்து நின்றதுமே, "டீ போடறேன்" என்று உள்ளே ஓடிவந்துவிட்டேன்.

"விரல் எப்படிம்மா இருக்கு?" என்று டாக்டரம்மா கேட்பது கேட்டது.

"ரெண்டு விரல் இன்னும் மடங்கல டாக்டர். லேப்ல ஒரு மாசம் பாப்பாங்களாம். அப்புறம் வேற ஆள் போட்டுடுவாங்க."

என் மனைவி லேபில் ரத்தம் எடுக்கிறவள். எப்பேர்ப்பட்ட குண்டுக் கையிலும் தடவியே நரம்பைக் கண்டுபிடித்துவிடுவாள்.

"இன்சூரன்ஸ்காரங்க நான்தான் தடுமாறி விழுந்தேன்னு எழுதிட்டாங்க" என்றாள்.

"தப்பு லைட்டோடதும்மா. ஆனா இந்த சர்வீஸ் சென்டர் பேப்பர் இருக்கறவரைக்கும் லைட்டுல குறையே இல்ல. ஓட்டிப் பாக்கவே இல்லன்னு அந்த சென்டர்ல இருக்கறவங்க யாராவது எழுதிக் குடுத்தா போதும். யாரு குடுப்பாங்க? வேலை போயிடுமே."

பால் பொங்கியது. அடுப்பைக் குறைத்தேன், மறுபடி ஏற்றினேன். டாக்டரம்மா என் முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும். பயமாக இருந்தது. மனைவிக்காகப் பயப்படாமல் என் வேலைக்காகப் பயப்படுகிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

"ஏங்க, டீ ஆச்சா?"

"பால் இன்னும் காயல."

காகிதம் புரளும் சத்தம். "இந்தாங்க, நீங்களே பாருங்க. மூணுலயும் ஒரே ஆளு கையெழுத்து. பேரும் புரியல ஒண்ணும் புரியல, ஒரு சுழி, கீழ ரெண்டு புள்ளி."

அந்தச் சுழியையும் புள்ளிகளையும் எங்கள் மகளின் ரிப்போர்ட் கார்டில் வருஷாவருஷம் பார்க்கிறவள் என் மனைவி. அவள் கை ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று ஆஸ்பத்திரியில் நான் போட்டதும் அதே கையெழுத்துதான். பக்கத்துக் கட்டிலில் படுத்தபடி அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்னறையில் காகிதம் மறுபடி புரண்டது. ஒன்று, இரண்டு, மூன்று. நான் அடுப்பை அணைத்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் தேவலை. "டீ கெடக்கட்டும். பேனா எடுத்துக்கிட்டு வெளிய வாங்க."