குடைக்கு ஒரு இணைப்பு

"குடை வந்துட்டாளா?"

அப்பா முதன்முதலில் இதைக் கேட்டபோது அவள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மழையும் இல்லை, குடையும் இல்லை. "வந்துட்டாப்பா" என்று சும்மா சொல்லிவைத்தாள். அவர் நம்பவில்லை. அவள் தோளுக்கு மேலாகக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்குச் சொற்கள் இடம் மாறிவிட்டன. கடிகாரம் என்றால் தண்ணீர். ஏணி என்றால் தூக்கம். செருப்பு என்றால் மாத்திரை. காலமெல்லாம் வீடுகளுக்கு வயரிங் போட்டவர். இப்போது அவர் தலைக்குள்ளேயே விளக்கு சுவிட்சைத் தட்டினால் மின்விசிறி சுற்றியது.

அவள் போனில் ஒரு குறிப்புச் செயலியில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குறிப்பு வைத்தாள். சொல்லை இரட்டை அடைப்புக்குறிக்குள் போட்டால் அது இன்னொரு குறிப்போடு இணைந்துகொள்ளும். ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் புள்ளியும் கோடுமாகத் திரையில் விரியும். குடை மட்டும் எதிலும் ஒட்டாமல் ஓரத்தில் தனிப்புள்ளியாக நின்றது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வருகிறான். அப்பாவைக் கூட்டிப்போய் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்க ஏற்பாடு செய்துவிட்டான்.

"செருப்பு கேட்டா மாத்திரை குடுக்கற, சரி. நாளைக்கு நெஞ்சு வலின்னு சொல்ல வந்து வேற எதையோ சொன்னார்னா? குடையைத் தேடிட்டு நிப்பியா?" என்று போனில் கேட்டான்.

"எல்லாமே புரியுதுன்னு காட்டினா விட்டுடுவியா?"

"காட்டு, பாப்போம்."

அந்த ஒரு வார்த்தைதான் அவளுக்குப் பிடி.

குடை ஒரு பொருளாக இருந்தால் 'வந்துடுச்சா' என்றல்லவா கேட்பார்? 'வந்துட்டாளா' என்கிறார். பெயர் தொலைந்ததே தவிர விகுதி தொலையவில்லை. யாரோ ஒரு பெண். அம்மாவின் படத்தைக் காட்டினாள். "இவ போயிட்டாளே" என்றார், தெளிவாக. அத்தையா? பக்கத்து வீட்டு டீச்சரா? உதட்டைப் பிதுக்கினார்.

சனிக்கிழமை, அவர் குடை கேட்ட நாட்களை அந்தந்த நாளில் தன்னைப் பற்றி எழுதிவைத்த குறிப்புகளோடு இணைத்துப் பார்த்தாள். மருந்துக் கடைக்குப் போனேன். தைத்த துணியைக் கொடுக்கப் போனேன். சோப்பு வாங்கப் போனேன். கோடுகள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து விழுந்தன. அவள் வெளியே போன நாளில் மட்டும்தான் குடை.

நான்தானா!

மறுநாள் அண்ணனை உட்காரக்கூட விடவில்லை. போனை நீட்டினாள். "பாருண்ணா, குடைன்னா நான்தான். நான் எப்ப வருவேன்னு காத்துக்கிட்டே இருந்திருக்கார்."

அண்ணன் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். கேலி செய்வான் என்று நினைத்தாள். செய்யவில்லை.

"யார்கிட்ட கேப்பார்?"

"என்கிட்டதான்."

"நீ எதிர்ல நிக்கும்போதேவா?"

அவள் போனை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"குட்டி, 'நீ வந்துட்டியா'ன்னு கேக்கல. 'அவ வந்துட்டாளா'ன்னு உன்கிட்டயே கேக்கறார். உன்னையே தெரியல அவருக்கு."

"தெரியும். சில நேரம் தெரியும்."

அவள் நாற்காலியின் முன் மண்டியிட்டாள். "அப்பா, நான் யாருப்பா?"

அப்பா அவளை நன்றாகப் பார்த்தார். முகத்தில் ஒரு விருந்தாளியின் சிரிப்பு வந்தது. "நல்லா பாத்துக்கறீங்க" என்றார். "உங்களுக்குத்தான் சிரமம்."

பிறந்ததிலிருந்து அவளை வாடி, போடி என்று கூப்பிட்ட மனிதர்.

அண்ணன் பையைத் தேடி எடுத்தான். மாத்திரைகளை அவளே எடுத்துவைத்தாள். எது காலையில், எது இரவில் என்று அவனுக்குத் தெரியாது. அப்பாவின் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டாள். எதையாவது கேட்கட்டும், எந்தச் சொல்லானாலும் சரி என்று அவர் வாயையே பார்த்து நின்றாள்.

அவர் அண்ணனின் கையைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் குனிந்து பார்த்துக் காலை வைத்து இறங்கி, ஒன்றும் சொல்லாமல் காரில் ஏறிப் போய்விட்டார்.