கூனன்முடியில் ஒரு மார்கழி உச்சிவேளை

1927 ஜனவரி 9, ஞாயிறு. இன்று மலையேறப் போன நான் தண்ணீர் எடுத்துக்கொள்ளவில்லை. கம்பளி, தீப்பெட்டி, வெல்லம், அரிவாள் எல்லாம் நினைவிருந்தது. தண்ணீர் மட்டும் இல்லை. பிழை என்னுடையது.

இதை எழுதிய பிறகுதான் கருத்தப்பாண்டி மற்றதை எழுதத் தொடங்கினான். தேயிலைத் தோட்டத்து மாலை வகுப்பில் பவுல்ராஜ் வாத்தியார் தினமும் நாலு வரி எழுதிப் பழகச் சொல்லியிருந்தார். முதலில் அன்றைய தவறை எழுதுவது அவனாகப் போட்டுக்கொண்ட சட்டம். தவறில்லாத நாள் தனக்கு வாய்க்காது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

தண்ணீரை மறந்தது தோட்டத்துக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தவறு. மூணாற்றுப் பக்கம் எந்தப் பாறையைத் தொட்டாலும் கை நனையும், குனிந்த இடத்தில் ஓடை இருக்கும். ஆனால் மேலே இருக்கும் கூனன்முடி என்கிற உச்சியைத் தாண்டி மழை போவதில்லை. அந்தப் பக்கம் கீழே கிடப்பது கள்ளியும் உடைமுள்ளும் செம்மண்ணுமான பள்ளத்தாக்கு. அங்கேதான் அவனுடைய அத்தை குருவம்மாள் ஆடு வளர்த்துப் பிழைத்தாள். அவள் மகள் பூமாரியை அவனுக்குக் கொடுப்பதா இல்லையா என்பதை முடிவு செய்யத்தான் இந்த மலையேற்றம்.

அத்தைக்கு மாப்பிள்ளையின் மேல் குறையில்லை, தூரத்தின் மேல்தான். வண்டிப்பாதையில் சுற்றி வந்தால் மூன்று நாள். பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வருகிறவள் மூன்று நாள் வண்டியில் குலுங்கினால் என்ன ஆவாள் என்று சொல்லியனுப்பினாள். மலைவழியாக ஒரே பகலில் வந்துவிடலாம் என்று இவன் பதில் சொல்லியனுப்பினான். சரி, ஞாயிறு விடியலில் நீ அங்கிருந்து ஏறு, நாங்கள் இங்கிருந்து ஏறுகிறோம். நிழல் காலடிக்கு வருவதற்குள் உன்னை உச்சியில் காணாவிட்டால் இறங்கிவிடுவோம், தையில் உள்ளூரிலேயே பெண்ணைக் கொடுத்துவிடுவேன் என்று அத்தை பேச்சை முடித்துவிட்டாள்.

விடியலில் தேயிலைத் துளிர்களின் மேல் உறைபனி உப்புத் தூவியதுபோலக் கிடந்தது. அடுத்த வீட்டு மொக்கையனும் துணைக்கு வந்தான். கருத்தப்பாண்டி ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, இதுதானா வழி என்று பார்த்துப் பார்த்து நடந்தான்.

"பொண்ணு பாக்கப் போறவன் நடையாலே இது? கங்காணி கூப்பிட்டு ஏச்சு வாங்கப் போற மாதிரில்ல போற" என்றான் மொக்கையன்.

சோலைக்காடு முடிந்து புல்மேடு வந்தது. புல்மேடும் முடிந்து மொட்டைப் பாறை தொடங்கியபோது எதிரிலிருந்து வறண்ட காற்று அடித்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது. வெல்லத்தைக் கடித்தார்கள், தாகம் இரட்டித்தது. மொக்கையன் ஒரு பாறையடியில் உட்கார்ந்துவிட்டான்.

கருத்தப்பாண்டி ஓடையைத் தேடித் திரும்ப இறங்கினான். பாதிச் சரிவு இறங்கிய பிறகுதான், குடித்துவிட்டு வருவதற்குள் உச்சிவேளை போய்விடுமே என்று உறைத்தது. அப்படியே மேலே திரும்பினான். தண்ணீரும் இல்லை, நேரமும் போயிற்று. மேகத்துக்குள் நாலுகாலில் தவழ்ந்து ஏறினான். போயிருப்பார்கள் என்றே மனம் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் கால் நிற்கவில்லை.

உச்சியில் மேகம் அறுந்து, ஒரே அடியில் வெயில். பிளந்துபோட்ட செங்கல்லைப்போல அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் கீழே காய்ந்து கிடந்தது. விளிம்பில் ஒரு தடியை நட்டு வைத்துவிட்டு இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பூமாரி சுரைக்குடுக்கையை மார்போடு அணைத்துக்கொண்டு குளிரில் வெடவெடவென்று நடுங்கினாள்.

"தண்ணி கொண்டாரலையா மச்சான்?"

மறந்துவிட்டதை ஒப்புக்கொண்டான். தாங்களும் போர்த்திக்கொள்ள ஒன்றும் கொண்டுவரவில்லை என்றாள் அவள். தங்கள் ஊரில் யார் கம்பளியைக் கண்டார்கள்? அவன் கம்பளியை நீட்ட, அவள் குடுக்கையை நீட்டினாள். தாயும் மகளும் ஒரே கம்பளிக்குள் நெருங்கி உட்கார்ந்தார்கள். அவன் நின்றபடியே குடித்தான். பிறகு தடியைப் பார்த்தான். நிழல் கிழக்கே சாய்ந்திருந்தது.

"அத்தை, நான் பிந்திட்டேன்" என்றான்.

பூமாரி அவனை முறைத்தாள். "இப்ப ஒங்கள யாரு கேட்டா?"

"அவனே ஒத்துக்கிட்டான்டி" என்றாள் குருவம்மாள்.

"நீ என்ன சொன்ன? நெழலு காலடிக்கு வந்தா எறங்கணும்னுதான? எந்திரிச்சு நில்லு. காலடிக்கு வந்துச்சா பாரு."

"மார்கழியில எப்பிடிடி வரும்? சூரியன் தெக்காலயில்ல போறான்."

"அப்ப கெடு தாண்டலை."

உச்சிவேளை என்பதற்கு எல்லாரும் சொல்கிற பேச்சைத்தான் குருவம்மாளும் சொல்லியிருந்தாள். மகள் அதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து சூரியனைப் பார்த்தாள், இறங்க வேண்டிய சரிவைப் பார்த்தாள், உரிந்து ரத்தம் கசிந்த மருமகனின் முழங்காலைப் பார்த்தாள்.

"பொழுது சாயுறதுக்குள்ள போயி ஆட்டைப் பட்டியில அடைச்சிருவேன். ஒரு பகல்னு நீ சொன்னது நெசந்தான்யா. பிந்துனவன் பிந்திட்டேன்னு சொல்லுறதும் எனக்குப் போதும். தையிலயே வச்சுக்குவோம்."

கருத்தப்பாண்டி தான் ஏறி வந்த பக்கத்து விளிம்புக்கு ஓடி, மேகத்துக்குள் மொக்கையனின் பெயரைச் சொல்லிக் கத்தினான். பாறை அதைத் திருப்பிச் சொன்னது. அதையும் கேட்கவேண்டும்போல இருக்க மறுபடி கத்தினான். மூன்றாம் தடவைதான் கீழேயிருந்து பதில் வந்தது: "கேட்டுருச்சுலே, தண்ணி இருக்கா?"

பூமாரி குடுக்கையைத் தூக்கி ஆட்டிப் பார்த்தாள். இருந்தது.

வரும்போது பயந்து பயந்து வைத்த காலை, இறங்கும்போது பார்த்தே வைக்கவில்லை. கம்பளி பள்ளத்தாக்குக்குப் போய்விட்டது. குளிர் தெரியவில்லை. இருட்டுமுன் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து, வாசல் வெளிச்சத்திலேயே இதையெல்லாம் எழுதினான். வாத்தியாருக்கு இவ்வளவும் காட்டலாமா என்று யோசித்து, எதையும் அடிக்காமல் விட்டான். கடைசியில் இப்படி எழுதினான்:

நாளை செய்ய வேண்டியது: வேலை முடிந்ததும் கங்காணியிடம் கல்யாணத்துக்கு விடுப்புக் கேட்க வேண்டும். மொக்கையனை அனுப்பாமல் நானே போய்க் கேட்க வேண்டும்.