இரண்டாம் சுற்றில் எடுத்த பெண்

அந்தப் பெண் பந்தைத் தவறவிட்டதில் டார்லாவுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. தவறவிட்ட விதத்தில்தான் சந்தேகம்.

ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை. ப்ளம் கிராஸிங் ஊர்ப் பூங்காவில், பெண் பிள்ளைகளின் சாஃப்ட்பால் லீகில் சேர வந்தவர்களை ஆடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோச்சுகள் வேலியோரம் மடக்கு நாற்காலி போட்டு, ஆளுக்கொரு காபிக் கோப்பையோடு குளிருக்கு ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். உயரமாக அடித்த பந்து ஒன்று காற்றில் சாய்ந்து சாய்ந்து இறங்கியது. புதிதாக ஆட வரும் பிள்ளை என்றால் முதலில் முன்னால் ஓடும், பிறகு பின்னால் ஓடும், கடைசியில் தலையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். இவள் அப்படியெல்லாம் செய்யவில்லை. மட்டையில் பட்ட சத்தம் கேட்டதுமே திரும்பி ஓடி, பந்து எங்கே வந்து விழுமோ அங்கே போய் நின்றுகொண்டாள். பந்து வந்தது. கடைசி நொடியில் கையுறையைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டாள். பந்து புல்லில் விழுந்தது.

கையுறையை வலது கையில் மாட்டியிருந்தாள். பந்தை எடுத்து இடது கையால் எறிந்தாள். அது யாரும் இல்லாத பக்கமாகப் போனது.

"பாவம், நோஞ்சான்" என்றான் பக்கத்து நாற்காலியில் இருந்த இன்னொரு அணியின் கோச் ரிக் டோலெசால்.

ரிக் 'பாவம்' என்று சொன்னதும் டார்லாவின் காது நிமிர்ந்துவிட்டது.

டார்லா க்ரூபா டிராக்டர் கடையில் உதிரிபாகம் விற்கிறவள். தாங்களே உடைத்துவிட்டு, வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது என்று கொண்டுவந்து நிற்கிற ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள். அதிலும் ரிக்கின் முகம் அவளுக்கு அத்துப்படி. இரண்டு வருடத்துக்கு முன் இதே மைதானத்தில் தன் மச்சினி மகளைத் தடுக்கித் தடுக்கி ஓடச் சொல்லி, மற்றவர்கள் எல்லோரும் வேண்டாம் என்று ஒதுக்கிய பிறகு கடைசிச் சுற்றில் சத்தமில்லாமல் தன் அணிக்கு எடுத்துக்கொண்டான். முதல் ஆட்டத்திலேயே அந்தப் பெண் வீசிய பந்தை டார்லாவின் பிள்ளைகளால் தொடக்கூட முடியவில்லை.

அதனால் அன்று மாலை நூலகத்தின் பின்னறையில் கோச்சுகள் கூடி முறை வைத்துப் பிள்ளைகளை எடுத்தபோது, இரண்டாம் சுற்றிலேயே டார்லா சொன்னாள்: "கோரா வெஸ்லிங்."

மற்ற கோச்சுகள் பட்டியலிலிருந்து தலையைத் தூக்கினார்கள்.

"யாரு, அந்த இடது கைப் பொண்ணா?" என்றாள் லீக் தலைவி நோரீன். "டார்லா, நல்லா ஆடுற பிள்ளைங்க இன்னும் நிறையப் பேர் இருக்காங்க."

"எனக்கு அவதான் வேணும்."

"என்ன டார்லா, காய்ச்சலா?" என்று ரிக் சிரித்தான். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கண்ணைச் சுருக்கி அவளையே பார்த்தான். மாட்டிக்கொண்டவன் முழி என்று டார்லா நினைத்தாள். அவள்தான் ஏதோ தந்திரம் செய்திருக்கிறாள் என்று அவனும் அதே நேரத்தில் நினைத்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

பயிற்சி தொடங்கியது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். டார்லாவின் மகள் பைபர்தான் பந்து வீசுகிறவள். கோரா மெலிந்த பெண். நெற்றியில் விழும் முடியை ஊதி ஊதித் தள்ளுவாள். அவள் இடது கையால் எறிந்த பந்து ஒரு நாளும் போக வேண்டிய இடத்துக்குப் போனதில்லை. மைதானத்தின் வலது ஓரத்தில், பந்து அதிகம் வராத இடத்தில் டார்லா அவளை நிறுத்தினாள். அவள் அங்கே நின்று பாட்டு முணுமுணுத்தாள். பைபருடன் சேர்ந்து சூரியகாந்தி விதையைக் கொறித்து, யார் தொலைவாகத் துப்புவது என்று போட்டி போட்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

ஆனால் டார்லாவின் கண் அவள் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கைதான் தப்பு செய்தது. கால் தப்பே செய்யவில்லை. ஓடுகிறவர்கள் தொட வேண்டிய பேஸ் என்ற சதுரத் திண்டில் நிற்கும்போது உள் ஓரத்தை மிதித்து நின்றாள். ஓடி வந்து திரும்பும்போது வளைந்து திரும்பினாள். இதையெல்லாம் யாரோ வருஷக்கணக்கில் சொல்லிக்கொடுத்தால்தான் வரும்.

ஒரு நாள் தண்ணீர் குடிக்க வந்தவளை நிறுத்திக் கேட்டாள். "இதுக்கு முன்னாடி எந்த ஊர்ல ஆடினே கோரா?"

"எங்கயும் இல்ல கோச்."

"சும்மா, வீட்டுப் பின்னாடிகூட?"

"இல்ல கோச்." பதில் கேள்வியைவிட வேகமாக வந்தது.

அவள் அம்மா ஆனிகா பெஞ்சுப் பக்கம் வருவதே கிடையாது. மற்ற அம்மாக்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து ஊர்க்கதை பேசும்போது, அவள் வாகனங்கள் நிற்கும் இடத்தின் கடைக்கோடியில், கான்ஸஸ் மாநில நம்பர் போட்ட பழைய காருக்குள்ளேயே இருந்தாள். கார் எப்போதும் சாலையைப் பார்த்துத்தான் நிற்கும். கிளம்பத் தயாராக இருக்கிற மாதிரி.

டார்லா எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாள். வெளியூர்ப் போட்டிகளுக்குப் போகும் கிளப்பில் இந்த வருஷம் ஆடியவர்கள் ஊர் லீகில் ஆடக் கூடாது. இவள் அப்படி ஒரு கிளப் பெண். ரிக் கொண்டுவந்து ஒளித்து வைக்கப் பார்த்தான், நான் தட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது அவனே புகார் கொடுத்து என் அணியைத் தூக்கிவிட்டால்? பொறி வைத்தவன் அவன், மாட்டினது நான்.

ரிக் கடைக்கே வந்துவிட்டான். ஏதோ பெல்ட் வாங்குகிற சாக்கு.

"அந்தப் பொண்ணு யாரு டார்லா?"

"அத நீதான் எனக்குச் சொல்லணும்."

"நானா? ரெண்டாம் சுற்றுல எடுத்தது நீ. யாரும் திரும்பிப் பாக்காத பொண்ண. சும்மா எடுப்பியா நீ? எதையோ மூடி வெச்சிருக்க."

"உன் மச்சினி மக மாதிரியா?"

"அது பழைய கத" என்றான் ரிக். "நான் நோரீன்கிட்ட பேசப் போறேன், தெரிஞ்சுக்க." பெல்ட்டை வாங்காமலே போய்விட்டான்.

அவன் நடிக்கவில்லை என்று அப்போதுதான் டார்லாவுக்குப் பட்டது. அவனுக்கும் தெரியாது என்றால், அந்தப் பெண் யார்?

மே கடைசியில் ஒரு நாள் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டார்கள். தண்ணீர்ப் பீப்பாயைத் தூக்கிக்கொண்டு டார்லா மைதானத்துக்கு முன்னதாகவே வந்தாள். சாமான் கொட்டகைக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம். எட்டிப் பார்த்தாள். வேலியின் மேல்கம்பியில் காகிதக் கோப்பைகளைக் கவிழ்த்து வைத்து, பைபரும் கோராவும் பந்தெறிந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். பைபர் வீசினாள், படவில்லை.

"உன்னால முடிஞ்சா போடு பாப்போம்" என்றாள் பைபர். "நெஜக் கையால."

கோரா கையுறையைக் கழற்றிக் கீழே போட்டாள். பந்து வலது கைக்குப் போனது. கை ஒரு முழு வட்டம் சுழன்று இடுப்பருகே வந்ததுதான் தெரிந்தது. கோப்பை இருந்த இடத்தில் கோப்பை இல்லை. பந்து அதைத் தாண்டிப் போய்க் கொட்டகைச் சுவரில் மோதிய சத்தத்தில் டார்லாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பீப்பாய் கையிலிருந்து நழுவி உருண்டது.

இரண்டு பேரும் திரும்பினார்கள். கோராவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. அம்மாவின் காரை நோக்கி ஓடினாள்.

"எவ்வளவு நாளா தெரியும் உனக்கு?" என்றாள் டார்லா மகளிடம்.

"முதல் வாரமே தெரியும்மா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

பைபர் காலால் புல்லைக் கிளறினாள். "உன்கிட்ட சொன்னா நீ அவள வீச வெச்சுருவ."

டார்லாவுக்குச் சுருக்கென்றது. காரை நோக்கி நடந்தாள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கோரா பின் இருக்கையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆனிகா கண்ணாடியைப் பாதிதான் இறக்கினாள்.

"உங்க பொண்ணு எந்தக் கிளப்?" என்று டார்லா நேராகக் கேட்டாள்.

ஆனிகா காரை விட்டு இறங்கினாள். கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்துகொண்டாள். "முதல்ல நீங்க சொல்லுங்க. ஒரு பந்தக்கூடப் பிடிக்காத பொண்ண ரெண்டாவது சுற்றுலயே ஏன் எடுத்தீங்க?"

"அது எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"சின்ன ஊரு. எடுத்த மறுநாளே காதுல விழுந்திருச்சு. அன்னையிலிருந்து நான் சரியாத் தூங்கல. அவன்தான் உங்களுக்குப் போன் போட்டானா?"

"எவன்?"

"இவ அப்பா."

டார்லாவுக்கு ஒன்றும் புரியவில்லை என்பதை ஆனிகா அவள் முகத்தில் பார்த்தாள். பிறகுதான் பேசினாள், குரலைத் தாழ்த்தி, அடிக்கடி சாலையைப் பார்த்துக்கொண்டு. கான்ஸஸில் கோராவின் அப்பாதான் கிளப் நடத்தினான். பள்ளிக்கூடம் சேர்ந்த வயசிலிருந்து தினமும் களஞ்சியத்துக்குள் நிற்க வைத்து வீச வைப்பான். தோற்றுவிட்டால் அவளோடு பேச மாட்டான். சாப்பாட்டு மேசையில் அவள் ஒருத்தி இருப்பதாகவே காட்டிக்கொள்ள மாட்டான். ஒரு தடவை தோற்ற கோபத்தில் அவளை நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டு, நடந்தே வீட்டுக்கு வா என்று போய்விட்டான். ஆட்டம் இருக்கிற நாளெல்லாம் பிள்ளை வாந்தி எடுத்தாள். போன இலையுதிர் காலத்தில் ஆனிகா மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டாள்.

"இங்க வந்ததும் அவளே கேட்டா, லீகுல சேரணும்னு. வேண்டாம்னு சொன்னேன். 'அப்பா சொல்லிக்கொடுத்ததெல்லாம் வலது கைக்குத்தாம்மா, இடது கைக்கு ஒண்ணும் தெரியாது, அதால ஆடுறேன்'னா. நான் என்ன சொல்ல முடியும்?"

டார்லா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "நான் அவள எடுத்தது ரிக் எடுத்துறக் கூடாதுன்னு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அவன் ஒளிச்சு வெச்சிருக்கான்னு நெனச்சேன்."

ஆனிகா சிரிக்கவில்லை. முழுசாக நம்பினதாகவும் தெரியவில்லை. "ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க வீசச் சொன்னா அவ வீசுவா. பெரியவங்க சொன்னா மாட்டேன்னு சொல்ல அவளுக்குத் தெரியாது. அதனால சொல்லாதீங்க."

டார்லா தலையாட்டினாள். ஆனால் வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது மனசுக்குள் வேறு கணக்கு ஓடியது. அந்தப் பெண் கிளப்பை விட்டது போன வருஷம். விதிப்படி ஒரு தடையும் இல்லை. அப்படி ஒரு கை இந்த ஊரிலேயே கிடையாது. தன்னைப் பற்றி மகள் சொன்னது பொய்யில்லை என்பதுதான் அவளுக்கு அதிகம் உறுத்தியது.

ரிக் சொன்னபடி நோரீனிடம் போனான். அவள், என்ன ஆதாரம் என்று கேட்டாள். அவனிடம் ஒன்றும் இல்லை. அதன் பிறகு டார்லாவின் அணி ஆடும்போதெல்லாம் அவன் வேலிக்கு வெளியே வந்து நின்று, வலது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கோரா பந்தைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தாள். எறிந்தால் மட்டும் முன்பைவிடக் கொஞ்சம் நேராகப் போனது.

கடைசி ஆட்டம் ரிக்கின் அணியோடு. ஜூலை வெயில். கடைசிச் சுற்று வரை டார்லாவின் பிள்ளைகள் ஒரு ரன் முன்னிலையில் இருந்தார்கள். அதன் பிறகு பைபரின் கை தளர்ந்துவிட்டது. பந்து பந்தாக வெளியே போனது. இன்னும் ஒருத்தியை வெளியேற்றினால் ஆட்டம் முடிந்துவிடும். ஆனால் மூன்று பேஸிலும் எதிர் அணி ஆள். டார்லா மைதானத்துக்குள் போனாள்.

பைபரின் கண் கலங்கியிருந்தது. "அவளக் கூப்பிடும்மா" என்றாள் மெதுவாக.

"நீதான சொன்ன, நான் வீச வெச்சுருவேன்னு."

"அப்ப சொன்னேன். இப்ப என்னால முடியல."

டார்லா வலது ஓரத்தைப் பார்த்தாள். கோரா கையுறையைத் தொங்கவிட்டுக்கொண்டு அசையாமல் நின்றாள். அவள் பந்தைப் பார்க்கவில்லை, பைபரைப் பார்க்கவில்லை, டார்லாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். கூப்பிட்டால் வந்துவிடுவாள். வலது கை ஏற்கெனவே சட்டையில் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தது. பெஞ்சில் அம்மாக்கள் டார்லா டார்லா என்று கத்தினார்கள். ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை வாயில் ஊறியது. அதை அவள் தனக்குத்தானே மறைக்கவில்லை.

"நீயே வீசு" என்றாள் மகளிடம். "போனாப் போகுது."

பைபர் வீசினாள். மட்டையில் சரியாகப் பட்ட பந்து வலது ஓரத்துக்குத்தான் போனது. கோராவின் கால் அதற்கு முன்னே போய் நின்றது. தரையில் ஒரு தடவை குத்தி எழுந்த பந்தை எடுத்துவிட்டாள். முதல் பெண் அதற்குள் ஓடி வந்து ரன் எடுத்துச் சமன் செய்துவிட்டாள்; ஜெயிக்கிற ரன்னுக்கு இரண்டாமவள் வந்துகொண்டிருந்தாள். வலது கையால் எறிந்திருந்தால் அவளை நிறுத்தியிருக்கலாம். அது டார்லாவுக்கும் தெரியும், பைபருக்கும் தெரியும். கோரா இடது கையால் எறிந்தாள். பந்து, ரன் எடுக்க வந்து தொட வேண்டிய ஹோம் பேஸைவிட்டு விலகிப் போய், எதிர் அணியின் பெஞ்சுக்குக் கீழே உருண்டது. இரண்டாமவளும் வந்து சேர்ந்தாள்; டார்லாவின் அணி தோற்று ஆட்டம் முடிந்தது.

தோளைக் குறுக்கிக்கொண்டு கோரா மெதுவாக நடந்து வந்தாள். பிள்ளைகள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். டார்லாவின் முன்னால் வந்து நின்று அவள் வாயையே பார்த்தாள்.

டார்லாவுக்குக் கோபம் இல்லாமல் இல்லை. அதை விழுங்கிக்கொண்டு சொன்னாள்: "நல்லா எடுத்த. எறியுறதுக்கு முன்னாடி தோள இன்னும் கொஞ்சம் திருப்பிப் பாரு."

"எந்தத் தோள கோச்?"

"இடது தோள. வேற எத?"

கோரா ஒரு கணம் அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு ஐஸ் பெட்டியைச் சுற்றி நின்ற பிள்ளைகளின் பக்கம் ஓடினாள்.

கை குலுக்க வந்த ரிக், குழப்பத்தோடு டார்லாவின் காதருகே குனிந்தான். "அப்ப அவ நெஜமாவே இடது கைதானா?"

"நீதான ரெண்டு மாசமா பாத்துட்டிருந்த."

"பின்ன எதுக்கு எடுத்த?"

"சொன்னா நம்ப மாட்ட ரிக்" என்றாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் பைபர் ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தாள். கன்னத்தில் கண்ணீர் காய்ந்து கோடு விழுந்திருந்தது. தானியக் கிடங்கைத் தாண்டிய பிறகுதான் வாய் திறந்தாள்.

"சனிக்கிழம கோரா வீட்டுக்குப் போகலாமா? அங்க பூனை குட்டி போட்டிருக்காம்."

"அவங்கம்மா வீட்டுக்கு யாரையும் விட மாட்டாங்களே."

"அவங்கம்மாதான் கேக்கச் சொன்னாங்களாம். உன்னையும் வரச் சொன்னாங்களாம்."

டார்லா வண்டியின் வேகத்தைக் குறைத்தாள். பிறகு, "எத்தனை மணிக்காம்?" என்று கேட்டாள்.