பொழுது விடிந்தால் பன்னிரண்டு மணி

1

இந்தக் கதை கம்பத்திலிருந்து காமயகவுண்டன்பட்டி போகும் டவுன் பஸ்ஸில் எனக்குக் கிடைத்தது. திருடினேன் என்றும் சொல்லலாம். முன்சீட்டில் இருந்த அம்மாள் கைப்பேசியைக் காதோடு ஒட்டி ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். நாற்பது விநாடிப் பாட்டு, ஏதோ தெரியாத மொழி. நடுவில் மட்டும் தெளிவாக "ராஜமணி" என்று ஒரு சொல். அதற்கு என்ன அர்த்தம் என்று எட்டிக் கேட்டேன்.

"எம்பேருதான் தம்பி" என்றார்.

இறங்குவதற்குள் முக்கால் கதையைச் சொல்லிவிட்டார். கல்லூரி மலருக்கு நான் ஒரு நையாண்டிக் கட்டுரை தரவேண்டியிருந்தது. வெளிநாட்டுத் தொடர்பு, சர்ச், வாழைத்தோப்பு: கேலிக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அந்த அம்மாள் அதற்கு ஒத்துழைக்கவில்லை. ஏன் என்பதுதான் கதை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

கிளிமஞ்சாரோவின் பனிமுடியில் காலைக்கதிர் பட்டுத் தெறித்த அந்த—

வேண்டாம். நான் கிளிமஞ்சாரோவைப் பார்த்ததில்லை. குமுளி மலையையே பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது:

கண்டங்களைக் கடந்த லுத்தரன் சபைகளின் நல்லுறவு என்பது இன்றைய காலகட்டத்தில்—

இதை எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது. படிக்கிற உங்களுக்கு அந்தச் சிரமம் எதற்கு?

மூன்றாவது: ராஜமணி வாழைக்காய் தரம் பிரிக்கிறார். இது நிற்கும் என்று தோன்றுகிறது.

3

ராஜமணி வாழைக்காய் தரம் பிரிக்கிறார். ஏற்றுமதிக்குப் போகும் பேக்கிங் ஷெட்டில், காலை ஆறு மணியிலிருந்து. நகக்கீறல் விழுந்த காய்கூட அவர் கண்ணுக்குத் தப்பாது. அது போக, ஊரின் சின்ன லுத்தரன் சபைக்கு அவர்தான் செயலாளர். நாற்பத்தொரு குடும்பங்கள், ஓர் ஆர்மோனியம், ஓர் ஐயர்.*

(* லுத்தரன் சபையில் போதகரை 'ஐயர்' என்று கூப்பிடுவது பழைய வழக்கம். நான் வைத்த பெயரல்ல.)

வெளிநாட்டுச் சபை ஒன்றோடு கூட்டுறவு வைத்துக்கொள்ளுங்கள் என்று மேலிடத்துக் கடிதம் வந்தபோது, எல்லாரும் ஜெர்மனியைத்தான் எதிர்பார்த்தார்கள். கமிட்டிப் பொருளாளர் மதன்குமார், பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருப்பவர், மனதுக்குள் ஜெர்மன் பணத்தில் ஆலயத்துக்குப் புதுக்கூரையே போட்டு முடித்திருந்தார். வந்தது தான்சானியா. கிளிமஞ்சாரோ மலையடிவாரத்தில், வாழைத்தோப்புக்கு நடுவே ஒரு சபை.

"அங்கனயும் வாழ, இங்கனயும் வாழ. இவனுககிட்ட என்னத்தக்கா மாத்திக்கிறப் போறோம்?" என்றார் மதன்குமார்.

"வாழைக்கு வாடல் வந்தா என்ன செய்யன்னு ஜெர்மனிக்காரககிட்டயா கேப்ப?" என்றார் ராஜமணி.

கமிட்டி சிரித்தது. சிரித்த வேகத்தில் ஒப்புக்கொண்டும் விட்டது.

அங்கே பாடகர் குழுவை நடத்துபவர் அனசியா. அவர் சுவாஹிலியில் எழுதுவார், இவர் தமிழில் எழுதுவார், நடுவில் கைப்பேசி மொழிபெயர்க்கும். கன்று வைக்கும் இடைவெளியில் ஆரம்பித்து மருமகள் குணம்வரை போய்விட்டார்கள். போன வருடம் ராஜமணியின் கணவருக்கு மதுரையில் இதய அறுவை சிகிச்சை. வார்டு வராந்தாவில் இருந்தபோது அனசியாவிடமிருந்து அந்த நாற்பது விநாடிப் பாட்டு வந்தது. இருபது குரல்கள். பாதியில் இவர் பெயர். ஒன்றும் புரியவில்லை, எல்லாம் புரிந்தது என்று எழுதப்போனேன். ராஜமணி சொன்னது இவ்வளவுதான்: "அன்னைக்குத்தான் சாப்பிட்டேன்."

4

இரண்டு சபையும் ஒரே நேரத்தில், திரையில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு ஆராதனை செய்வதாக ஏற்பாடு. நேரத்தை அனசியா குறித்தார். கைப்பேசி அதை மொழிபெயர்த்தது: 'ஞாயிறு, எங்கள் நேரம் மூன்று மணி.' நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். ஐயர் கூட்டிப் பார்த்தார். மாலை ஐந்தரை.

ஐந்தரைக்கு நாற்பத்தொரு குடும்பமும் வந்தது. ஆறு மணிவரை திரை வெறுமையாகவே கிடந்தது. ஆறேகாலுக்குப் பிள்ளைகள் அதில் கைநிழலால் மான், முயல் காட்டத் தொடங்கினார்கள்.

அடுத்த ஞாயிறும் அப்படியே.

'ஏன் வரவில்லை' என்று ஒரு வரி கேட்டிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ராஜமணி கேட்கவில்லை. கேட்டால் குற்றம் சொன்னதுபோல் ஆகிவிடுமாம். 'பரவாயில்லை, அடுத்த வாரம் அதே நேரம்' என்று எழுதினார். அங்கிருந்து பதில்: 'பரவாயில்லை, அதே நேரம்.' இரண்டு பேரும் ஒருவரையொருவர் பெருந்தன்மையாக மன்னித்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது ஞாயிறன்று கமிட்டி கூடியது. இன்னும் ஒரே ஒரு வாரம், அதிலும் வரவில்லையென்றால் உறவை முடித்துக்கொண்டு ஜெர்மனிக்கு மனுப் போடுவது என்று தீர்மானம். முடித்துக்கொள்ளும் கடிதத்தைச் செயலாளர் எழுதவேண்டும். அதாவது ராஜமணி, அனசியாவுக்கு.

"நீங்க பெத்த உறவு, நீங்களே சொல்லிருங்கக்கா" என்றார் மதன்குமார்.

ராஜமணி சரி என்று கையெழுத்துப் போட்டார். வீட்டுக்குப் போய் அந்தப் பாட்டைக் கேட்கப் பிடிக்காமல் கைப்பேசியை அரிசி டப்பாமேல் கவிழ்த்து வைத்தாராம்.

5

இங்கே எனக்கு ராஜமணிமேல் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு நல்லவர் கதைக்கு ஆகமாட்டார். குறை ஏதாவது வைக்கலாமென்று பார்த்தேன். கொஞ்சம் பொறாமை, சீட்டுப்பணத்தில் ஒரு—

(அடித்துவிட்டேன். அது என் சித்தி.)

தேட வேண்டியிருக்கவில்லை, அவரே ஒன்று கொடுத்தார். முதல் ஞாயிறன்று திரை வெறுமையாகக் கிடந்தபோது சபையில் முணுமுணுப்பு எழுந்தது. ராஜமணி எழுந்து, "அங்கன பேய் மழையாம், ஆறு பெருகிருச்சாம், சொல்லி அனுப்பிருக்காக" என்றார். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. சபைச் செயலாளர், ஆலயத்துக்குள் நின்று சொன்ன பச்சைப் பொய். சபை முழங்கால்படியிட்டு அந்த இல்லாத வெள்ளத்துக்காகப் பத்து நிமிடம் ஜெபித்தது.

இந்தப் பொய்க்குப் பிறகு எனக்கு அவர்மேல் மரியாதை கூடிவிட்டது. நையாண்டிக்காரனுக்கு இது பெரிய நஷ்டம்.

6

மூன்றாவது ஞாயிறு பெந்தெகொஸ்தே திருநாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐயரிடம் அன்றைய வேத வாசிப்பைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார் ராஜமணி. அப்போஸ்தலர்கள் பல மொழிகளில் பேச, தெருவில் போகிறவர்கள் இவர்கள் குடித்திருக்கிறார்கள் என்று கேலி செய்யும் இடம். மூன்றாம் மணி நேரத்திலா குடிப்பார்கள் என்று பேதுரு திருப்பிக் கேட்பார்.

"மூணு மணிக்கு ஏன் குடிக்க மாட்டாக? நம்மூர்ல குடிப்பாகளே" என்றார் ராஜமணி.

அது காலை ஒன்பது மணியம்மா என்றார் ஐயர். அந்தக் காலத்தில் பொழுது விடிந்ததிலிருந்து மணி எண்ணுவார்கள். ஆறு என்றால் உச்சிவேளை.

ராஜமணி புத்தகத்தை மூடவில்லை, அப்படியே மடியில் வைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தார். அனசியாவுக்கு ஒரே கேள்வி: உங்கள் ஊரில் சூரியன் உதிக்கும்போது மணி என்ன?

பதில் உடனே வந்தது: பன்னிரண்டு. வேறென்ன?

ஐயர் விரல்விட்டு எண்ணினார். விடியும்போது பன்னிரண்டு என்றால், அவர்களுடைய மூன்று மணி விடிந்து மூன்று மணி நேரம்; நம் கணக்கில் அங்கே காலை ஒன்பது. நமக்குப் பகல் பதினொன்றரை. அவர்கள் இரண்டு ஞாயிறும் வந்து உட்கார்ந்து, காத்திருந்து, கலைந்துபோன பிறகுதான் இவர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

ராஜமணி நடந்ததை எழுதினார். தன் பொய்யையும் எழுதினார். அங்கிருந்து வரிசையாகச் சிரிப்பு முகங்கள், பிறகு ஒரு வாக்குமூலம். அனசியாவும் தன் சபையில் எழுந்து நின்று, இந்தியாவில் கரண்டு போய்விட்டதாம் என்று சொல்லியிருந்தார். கிளிமஞ்சாரோ அடிவாரத்தில் இரண்டு வாரமாகக் கம்பம் பள்ளத்தாக்கின் மின்சாரத்துக்காக ஜெபம் நடந்திருக்கிறது.

(அந்த இரண்டு வாரமும் எங்கள் பகுதியில் மின்தடையே இல்லை. சும்மா ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன்.)

7

முடிவுகள்.

முதல் முடிவு: ஞாயிறு பகல் பதினொன்றரைக்குத் திரை வெளிச்சமாகிறது, இருபது முகங்கள், எல்லாரும் அழுகிறார்கள். நன்றாக இருக்கிறது. கல்லூரி முதல்வருக்குப் பிடிக்கும்.

இரண்டாவது: பதினொன்றரைக்கு இரண்டு வாரத்து ஜெபத்தையும் மீறிக் கரண்டு போகிறது. என் பழைய வாசகர்களுக்குப் பிடிக்கும்.

மூன்றாவது, பஸ்ஸை விட்டு இறங்குமுன் ராஜமணி சொன்னதுவரை:

வழக்கமாகப் பதினொன்றுக்கு ஆராதனை முடியும், பதினொன்று ஐந்துக்கு எல்லாரும் கறிக்குழம்பு நினைப்பில் செருப்புத் தேடுவார்கள். அன்று ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பதினொன்றரை ஆயிற்று. திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மலைப் பக்கத்து ஜன்னலில்தான் கொஞ்சம் சிக்னல் என்று தெரிந்ததும், ஓர் ஆள் திரைக்கு இணைப்புத் தரும் தன் கைப்பேசியோடு பெஞ்சுமேல் ஏறி, ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டிப் பிடித்தார். மதன்குமார்தான். கூரைக்காக ஜெர்மனி கேட்டவர்.

பதினோரு நிமிடம் ஆனது. மறுகையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டார்.

ராஜமணி கீழே நின்று, "எறங்குப்பா மதனு, வேற ஆளு பிடிக்கட்டும்" என்றார்.

"சும்மா இருங்கக்கா. நான் ஆட்டுனா அங்கன அவுகளுக்குக் கட்டாகிரும்" என்றார் அவர்.

'அவுக' என்று மரியாதையாக முதல்தடவை சொல்கிறான் என்று ராஜமணி கவனித்தார். ராஜமணியின் பையில் கமிட்டி கேட்ட கடிதத்துக்கான வெள்ளைத்தாள் இருந்தது. எடுத்து விசிறியாக மடித்து, பெஞ்சுமேல் நிற்கிறவருக்கு வீசத் தொடங்கினார்.

வட்டம் இன்னும் சுற்றுகிறது. திரையைத் திறப்பதோ மூடுவதோ உங்கள் பாடு. சீக்கிரம் முடிவு செய்யுங்கள், அந்த மனுஷனுக்குக் கை வலிக்கிறது.