கடைசி எண் ஏழு

திவ்யலட்சுமி அப்பாவின் வேலை மேசையை முன்னறையிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் உடலுக்கான ஃப்ரீசர் பெட்டி வைக்க இடம் வேண்டும். சாந்திகவாடம் மின்மயானத்தில் மூன்று மணிக்கு நேரம் கிடைத்திருந்தது. மேசைமேல் மூடியில்லாமல் கிடந்த, பாட்டுக் கேட்கும் வால்வு ஆம்ப்ளிஃபயரைத் தூக்கப் போனவளுக்குக் கை வரவில்லை.

"இதுல கை தப்பினதுல இருந்தே அவரு பழைய ஆளு இல்ல," என்று அம்மா செல்லபாய் வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "டயோடைத் தலைகீழா வச்சிட்டாராம். கண்ணு போச்சு, இனி தொட மாட்டேன்னு விட்டவருதான்."

தலைகீழ் என்று முதலில் சொன்னது திவ்யலட்சுமிதான்.

தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பா தாணுலிங்கம், அந்த இரண்டு டயோடுகளைத் தேர்ந்தெடுக்கவே ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற பொடிச் சாமான்.

"ஒவ்வொண்ணும் எண்ணூத்தம்பது வோல்ட்டை எதிர்த்து நிக்கணும் மக்களே. அதனால ஆயிரம் வோல்ட் உள்ளது வேணும். சட்டுனு அடைக்கிற வகை, அப்பதான் பாட்டுக்குள்ள இரைச்சல் வராது. நம்பர்ல கடைசி எண் ஏழு. பாத்து வாங்கணும், கேட்டியா," என்று அவளைக் கடைக்கு அனுப்பினார்.

பழவங்காடிக் கடையில் ஏழு இல்லை. ஐந்து இருந்தது. அறுநூறு வோல்ட். இன்னொரு கடைக்கு நடக்க அவளுக்குச் சோம்பல்.

"நம்பர் பாத்தியா?"

"பாத்தேம்பா."

அவர் அவற்றைப் பொருத்திச் சுவிட்சைப் போட்டதும் பட்டென்று வெடித்துப் புகை வந்தது. அப்பா திகைத்து நின்றார். அவர் வாய் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "தலைகீழா வச்சிட்டீங்க போல."

அது நடந்து மூன்று வாரம். இன்று காலை குளியலறையில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

அப்பாவோடு வேலை பார்த்த ராஜையன் வந்து ஆம்ப்ளிஃபயரின் மறுபக்கத்தைப் பிடித்தார். இருவருமாக அதைப் பின்னறையில் வைத்தார்கள்.

"அப்பா சரியாத்தான் வச்சாரு மாமா," என்றாள்.

"தெரியும் மோளே. போன ஞாயிறு லென்சு வச்சு நாங்க ரெண்டுபேருமாத்தான் நம்பரை வாசிச்சோம். அஞ்சு."

அவள் குனிந்து, கருகிய டயோடைப் பார்த்தாள்.

"நான் சரியானதை வாங்கிட்டு வாறேன்னேன். இப்பம் வேண்டாம்னாரு. 'உடனே சரியாக்கினா பிள்ளைக்கு மொகம் சுருங்கிப்போவும். அவ மறக்கட்டும், பெறகு பாத்துக்கிடலாம்'னாரு."

இந்த மூன்று வாரமும் சாப்பிடும்போதெல்லாம் அவர் அவளிடம் ஆபீஸ் விஷயங்களைக் கேட்டார். அவள் மொபைலைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். ஒருநாள்கூட அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

வாய்க்கரிசிக்கு அழைத்தார்கள். அம்மா, அப்போதுதான் வந்த அத்தையிடம் மறுபடி தொடங்கியிருந்தாள். "டயோடைத் தலைகீழா வச்சிட்டாராம்…"

"அம்மா, அவரு சரியாத்தான் வச்சாரு. நான் வாங்கினதுதான் தப்பு. தெரிஞ்சேதான் வாங்கினேன்."

அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு கண்ணைத் திருப்பிக்கொண்டு, "அரிசியைப் போடு," என்றாள்.

ஈர அரிசி உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது. அவள் அதை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் காத்திருந்தார்கள்.