‘ரிக்ரெற்’ எழுதிய கை

மகள் இராசமலர் வேலைக்கு மனுப் போட்ட கொழும்புக் கந்தோரிலிருந்து, வேலை இல்லையென்று இங்கிலீசில் கடிதம் வந்தது. அவள் அறைக்குள் படுத்து அழ, பென்சன் எடுத்தும் கிளாக்கர்த்தனம் போகாத ஆழ்வாப்பிள்ளை, மனைவி கனகாம்பிகைக்குக் கடிதத்தை நீட்டி விளக்கம் சொல்லத் தொடங்கினார்.

“இஞ்சேரும், ‘ரிக்ரெற்’ எண்டு போட்டிருக்கினம். மனம் வருந்துறம் எண்டு கருத்து. என்ன மரியாதையான சொல்! வேலை கேட்டுக் கிடைக்காத ஆக்களுக்கு நானும் கந்தோரிலை இருந்து முப்பது வருசம் இப்பிடித்தான் எழுதினனான்.”

கனகாம்பிகைக்கு அந்த முகத்தைப் பார்க்கவே அருவருத்தது. பிள்ளை பச்சைத்தண்ணிகூடக் குடிக்காமல் கிடக்க, மத்தியானம் மீன்குழம்பை வழித்து நக்கின வாய் அது.

“முப்பது வருசம் வருந்தியிருக்கிறியள். அதிலை ஒருநாள் எண்டாலும் சோறு வேண்டாமெண்டு எழும்பினனீங்களோ?”